ஏழாம் பாகத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு

எங்கப்பா சென்னகிருஷ்ணன் ரெண்டே ரெண்டு விஷயத்துக்குத்தான் பயப்படுவார். ஒன்று எங்கம்மா. இன்னொன்று, யாளி செத்துப்போவது.

யாளி என்றால் கோயில் தூணில் நிற்குமே, அதேதான். ஆனால் இது பேசும். பெயர் பிடரி. ‘மின்மினிக் கோட்டை’ என்று ஏழு பாகமாக வருகிற மாயக்கதையில் வருவது. நிழலரசன் என்று ஒரு வில்லன். அவனை அழிக்கக் கிளம்பிய வெண்ணி என்று ஒரு பெண். அவளை முதுகில் சுமந்துகொண்டு திரிகிற பிடரி. பன்னிரண்டு வருஷமாக வந்துகொண்டிருக்கிறது. முதல் பாகத்தை எனக்கு என்று சொல்லித்தான் வாங்கினார்கள். எனக்கு மூன்றாம் பாகத்திலேயே போர் அடித்துவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன். அப்பாவும் அம்மாவும்தான் உள்ளே போனவர்கள் இன்னும் வெளியே வரவில்லை.

ஆறாம் பாகம் முடியும்போது பிடரி ஒரு மலை உச்சியில் ஒற்றைக் காலைப் பிடிமானமாக வைத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அப்போது எட்டாவது. இப்போது ப்ளஸ் டூ முடித்து, காலேஜ் வேண்டாம் என்று சொல்லி, கணபதி என்கிற எங்கள் ஏரியாவில் அப்பா நடத்துகிற மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஏன் காலேஜ் போகவில்லை என்று நீங்கள் கேட்க வேண்டாம். சொந்தக்காரர்கள் கேட்டதே போதும். இவ்வளவும் நடந்து முடிந்தது, பிடரி மட்டும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

இனி அப்பாவின் வியாதியைச் சொல்ல வேண்டும். அவருக்கு முடிவு தெரிந்துவிட்டால் வாயில் நிற்காது. ஒவ்வொரு பாகத்தையும் அவர்தான் முதலில் படிப்பார். படித்த அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிடுவார். ரெண்டாம் பாகத்தின் முடிவை ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்றும்போது சொன்னார். மூன்றாம் பாகத்தில் வெண்ணியின் அப்பாதான் நிழலரசன் என்பதை, அம்மா தோசைக்கல்லில் மாவு ஊற்றுகிற நேரம் பார்த்துச் சொன்னார். அந்தத் தோசை இன்றுவரை எடுக்க வரவில்லை, கல்லையே மாற்றினோம். ஐந்தாம் பாகத்துக்கு அம்மா வேலை செய்கிற இடத்துக்குப் போன் போட்டார். சரவணம்பட்டியில் ஒரு கம்பெனி கேண்டீனுக்கு அம்மா சூப்பர்வைசர். எண்ணூறு பேர் மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறார்கள், அங்கே போனில் “மந்திரக் கிழவி செத்துட்டா” என்கிறார் இவர். ஆறாம் பாகத்துக்கு அம்மா பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். அப்பா ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளினார்.

ஏன் இப்படி என்று கேட்டால், “யாருகிட்டயாச்சும் சொன்னாத்தான் எனக்குப் படிச்ச மாதிரியே இருக்குது கண்ணு” என்பார்.

ரெண்டு காப்பி வாங்கினால் தீர்ந்தது என்று நினைப்பீர்கள். ஒரே வீட்டுக்கு எதற்கு ரெண்டு என்று இருவருமே கேட்பார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்களுக்குள் ஒற்றுமை.

எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு, பட்டறையில் தமிழ், சண்டை என்றால் ரெண்டும். இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

ஏழாம் பாகம் வருகிறது, அதுதான் கடைசி என்று செய்தி வந்த அன்றைக்கு அம்மா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். “ஏனுங்க. ஆறு முடிவையும் உங்க வாய்லதான் கேட்டேன். இதையாவது நானாப் படிச்சுத் தெரிஞ்சுக்கறேன். இந்தத் தடவை நாந்தான் மொதல்ல.”

“அதுக்கென்ன அம்மணி. தாராளமா” என்றார் அப்பா.

அப்பா இவ்வளவு சீக்கிரம் எதற்கும் சரி சொன்னதில்லை. எனக்கு அப்போதே சந்தேகம்தான். மறுநாள் பட்டறையில் வந்து, டெலிவரி முகவரியைப் பட்டறைக்கு மாற்றித் தரச் சொல்லி என் கையில் போனைக் கொடுத்தார்.

“அம்மா கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்பா” என்றேன்.

“கேக்காட்டி?”

“கேக்காட்டி நான் ஏன் சொல்றேன்.”

“அது போதும் கண்ணு.”

புத்தகம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் வந்தது. பட்டறையில் ஆள் எல்லாம் ஊருக்குப் போகிறவர்கள் என்பதால் நாங்கள் எப்போதும் முந்தின நாள் சாயங்காலமே பூஜையை முடித்துவிடுவோம். எங்கள் தலைமை வைண்டர் ஷேக் பரீத் அண்ணன் லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா பார்சலைப் பிரித்துப் புத்தகத்தை முகர்ந்து பார்த்தார். நானூற்று எண்பது பக்கம். முதல் பக்கத்தைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். மூடினார்.

“படிக்க வேண்டியதுதானே” என்றேன்.

“இத ஆரம்பிச்சா முடிஞ்சுபோயிருமே” என்றார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “நாலு வருஷமா எப்படா வரும்னு இருந்தேன். இப்ப ஏண்டா வந்துச்சுன்னு இருக்குது.”

ஆனால் அம்மா முதலில் படித்துவிடுவாரோ என்ற நினைப்பு வந்ததும் துக்கம் போய்த் திட்டம் வந்துவிட்டது. மோட்டார் சுற்றி வந்த பிரவுன் தாளில் புத்தகத்துக்கு அட்டை போட்டார். மேலே ‘ஸ்டாக் புக்’ என்று பேனாவால் எழுதினார். பூஜையில் வைக்கிற பில் புக்குகளின் நடுவில் செருகினார். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் முழுக்க யாரும் தொடக்கூடாது, விஜயதசமி காலையில்தான் எடுத்துப் படிக்க வேண்டும். இந்த விஷயத்தில் எங்கப்பா ரொம்பக் கறார். நான் பத்தாவது படிக்கும்போது பூஜை அன்றைக்கு அறிவியல் புத்தகத்தைத் தொட்டேன் என்று ஒரு மணி நேரம் பேசியவர். ஆகவே பூஜை முடிந்ததும் பட்டறையைப் பூட்டுவது, விஜயதசமி அன்று விடியற்காலையில் தனியாக வந்து திறப்பது, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும்போது முடிவோடு போவது. இதுதான் திட்டம்.

“சரஸ்வதியே காவல்” என்றார். “உங்கம்மா என்ன, நிழலரசனே வந்தாலும் தொட முடியாது.”

சாயங்காலம் அம்மா பொரியும் சுண்டலுமாக வந்தார். மிஷின்களுக்கு எல்லாம் மாலை. பில் புக்குகளுக்குச் சந்தனம் வைப்பது எப்போதும் அப்பாவின் வேலை. அவர் கை தாராளம். ஒவ்வொரு புக்குக்கும் அரைக் கை சந்தனத்தை அள்ளி அப்பினார். அதில் அவர் ஒரு தப்புச் செய்துவிட்டார். ஸ்டாக் புக்குக்கு மட்டும் மோதிர விரல் நுனியால் தொட்டு, ஓரத்தில், கடுகளவு, ஒரே ஒரு பொட்டு. கறை பிடித்துவிடக்கூடாதாம். வைத்துவிட்டு ஊதி வேறு காயவைத்தார்.

அம்மா அதைப் பார்த்தார். அந்தப் பொட்டைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. கற்பூரம் காட்டி முடித்ததும் சாமியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஏனுங்க, நம்ம லாஸ்யா தொழில் கத்துக்க ஆரம்பிச்ச மொத வருஷம் இது. பட்டறை புக்கையெல்லாம் ஊட்டுப் பூஜையில வெச்சுக் கும்பிட்டா அவளுக்கு நல்லதுன்னு தோணுதுங்க.”

அப்பாவுக்குச் சுண்டல் தொண்டையில் நின்றுவிட்டது. என் பெயரைச் சொல்லிக் கேட்டால் மறுக்க முடியாது. பில் புக்கு இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லவும் ஒரு காரணம் வேண்டுமே. அவர் யோசிப்பதற்குள் பரீத் அண்ணன், “நல்ல விசயந்தானுங்க” என்று சொல்லி மொத்தக் கட்டையும் தூக்கி எங்கள் ஸ்கூட்டரில் வைத்துவிட்டார்.

போகிற வழியில் அப்பா தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். எங்கே இருந்தால் என்ன, பூஜையில்தானே இருக்கிறது, யாரும் தொட முடியாதே. அவருக்கு அந்தச் சட்டத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் காலையில் அம்மா குளித்துவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரும் தலையணையும் எடுத்துக்கொண்டு பூஜை ரூமுக்குள் போனார். “இன்னைக்குப் பூராப் பாராயணம். ஆரும் கூப்பிடாதீங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்பா பூரித்துப்போனார். பதினெட்டு வருஷத்தில் அம்மா கால் மணி நேரத்துக்கு மேல் சாமி கும்பிட்டதில்லை. உப்புமா அவரே கிண்டினார். யாரும் சத்தம் போடக்கூடாது என்று டிவியைப் பிடுங்கிவிட்டார். பக்கம் புரட்டுகிற சத்தம் வெளியே கேட்டது. “எத்தன வேகமாப் பாராயணம் பண்றா பாரு” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். பதினோரு மணிக்கு உள்ளே இருந்து ஒரு விசும்பல் கேட்டது. அப்பா கதவுக்கு வெளியே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் காப்பி கொடுக்க உள்ளே போனேன். அம்மா சரஸ்வதி படத்துக்கு எதிரே காலை நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஸ்டாக் புக். நூற்று அறுபதாம் பக்கம்.

“பூஜைல வெச்சத எடுக்கக்கூடாதும்மா” என்றேன்.

“ஆரு எடுத்தா? பூஜை ரூம்லதான இருக்குது.”

“படிக்கக்கூடாது.”

“சரஸ்வதிக்குத்தான் படிச்சுக் காட்டறேன். அவளும் நாலு வருஷமாக் காத்துட்டு இருந்திருப்பா.”

காப்பியை வைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவு கொஞ்சமாகத் திறந்தது. அம்மா என்னை மட்டும் கூப்பிட்டார். கண் சிவந்திருந்தது. கையில் புத்தகத்தின் கடைசிக் கொஞ்சம் பக்கங்களை விரலால் பிரித்துப் பிடித்திருந்தார். முப்பத்தொரு பக்கம். கடைசி அத்தியாயம்.

“காயில் கட்டற நூல் இருக்குதா உங்கிட்ட?”

பையில் இருந்தது. ஆயுத பூஜை அன்றைக்கு ஆயுதத்தை எடுக்கலாமா என்று கேட்டேன். அந்த நூலைப் பூஜையில் வைக்கவே இல்லையே என்றார். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார். சரி என்று அந்த முப்பத்தொரு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து, குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, பட்டறையில் கற்றுக்கொண்ட முடிச்சைப் போட்டேன். மோட்டார் எரிந்தாலும் அவிழாத முடிச்சு அது. முடிச்சின் மேல் வார்னிஷ் அடிக்க வேண்டும், வீட்டில் ஏது வார்னிஷ். என்னுடைய சிவப்பு நெயில் பாலிஷை ஒரு சொட்டு வைத்தேன். அரக்கு முத்திரை மாதிரி இருந்தது.

விஜயதசமி. அப்பா ஐந்தரைக்கே குளித்துத் தயார். பூஜை முடிந்த கையோடு, “பட்டறை புக்கையெல்லாம் கொண்டுபோய் வெச்சுப்போட்டு வாரேன்” என்று கையை நீட்டினார்.

“இருங்க. எடுத்தவுடனே ஒரு பக்கமாச்சும் சாமி முன்னாடி படிக்கோணும். அதான முறை? நீங்கதான சொல்லுவீங்க.” அம்மா கட்டுக்குள்ளிருந்து சரியாக அதையே உருவி அவர் கையில் வைத்தார். “ஸ்டாக் புக்கைப் படிங்க. தொழிலுக்கு நல்லது.”

அப்பா முதல் பக்கத்தைத் திறந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“கால் இஞ்சு போல்ட்டு… இருபத்தஞ்சு” என்றார். “நட்டு… அதும் இருபத்தஞ்சு.”

“அடுத்த பக்கம்.”

“ரெண்டு ஹெச்.பி. மோட்டார்… மூணு. கம்பி… நெறைய இருக்குது.”

“பிடரி எந்த ரேக்குல இருக்குதுங்க?” என்றார் அம்மா.

அப்பா அவசரமாகப் புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டினார். விரல் நூலில் தட்டியது. சிவப்புச் சொட்டைப் பார்த்தார். அது யார் கைவேலை என்று அவருக்குத் தெரியாதா. என்னைப் பார்த்த பார்வையில், முடிச்சு நன்றாக வந்திருக்கிறது என்ற பெருமையும் கொஞ்சம் இருந்தது.

அம்மா தீர்ப்பைச் சொன்னார். கட்டு வரைக்கும் அவர் படிக்கலாம். அதற்கு அப்புறம் உள்ளதை அம்மா வாயால்தான் கேட்க வேண்டும். ஒரு நாளைக்குக் கொஞ்சம். ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரத்தை அவர் கழுவ வேண்டும், கழுவுகிற வரைக்கும்தான் கதை. ஆறு பாகத்துக்கு அவர் சொன்னார் அல்லவா, ஒரு அத்தியாயத்துக்கு இவர் சொல்வார்.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு அம்மணி. பிடரி பொழைக்குமா?”

“பாத்திரம் ராத்திரிதானுங்க.”

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக் கடைசியில் சொல்வதெல்லாம் எனக்குப் பிடிக்காது. அம்மா அந்த முப்பத்தொரு பக்கத்தைப் படிக்கவே இல்லை. படிப்பதற்கு முன்பே என்னைக் கட்டச் சொல்லிவிட்டார். முந்தின அத்தியாயத்தோடு நிறுத்திக்கொண்டார். நிழலரசன் கோட்டை வாசலில் பிடரி உயிரோடு நிற்கிற இடம் அது. கட்டிய முடிச்சும் சிவப்புச் சொட்டும் இன்றுவரை அப்படியே இருக்கின்றன. அதை உடைக்காமல் ஒரு பக்கம்கூடத் திறக்க முடியாது. கட்டினவள் நான்.

அப்பா அன்றைக்குப் பகலிலேயே கட்டு வரைக்கும் படித்து முடித்துவிட்டார். முதல் நாள் ராத்திரி அம்மா பாத்திரம் துடைத்து அடுக்கிக்கொண்டே சொன்னார், அப்பா சோப்பு நுரையோடு கேட்டார். பிடரி வாசலைத் தாண்டியது. ரெண்டாம் நாள் ஒரு நாற்சந்தி வந்தது. நான்கு பக்கமும் சேனை, யாரும் வழி விட மாட்டார்கள், பிடரி அங்கேயே ரெண்டு நாள் நின்றது. சரவணம்பட்டி சிக்னல்தான், எனக்குக் கேட்டவுடனே தெரிந்தது. அப்பாவோ, “என்னவொரு போர் வியூகம்” என்றார்.

அடுத்த வாரம், போருக்கு முந்தின நாள் எண்ணூறு வீரர்களுக்குச் சாம்பார் காய்ச்சுகிற காட்சி மூன்று நாள் ஓடியது. பருப்பு எப்போது வேகப் போட வேண்டும் என்பது உட்பட. “ஆசிரியருக்குச் சமையல்கட்டுல இத்தன அனுபவமா” என்று அப்பா வியந்துபோனார். அப்புறம் நிழலரசனால் கெட்டழிந்த ஜனங்கள் எல்லாம் ஒரு அம்மன் கோயிலுக்குப் போய், அம்மிக்கல்லில் மிளகாய் அரைத்து, நியாயம் கேட்டார்கள். அந்த நெடியில் நிழலரசனுக்குக் கண் தெரியாமல் போய்விட்டது. அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “நம்ம ஆனைமலை மாசாணியம்மன் கோயில் மாதிரியே எழுதியிருக்காரு பாரு. இந்த மனுசன் நம்ம பக்கத்து ஆளாத்தான் இருக்கோணும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். சோப்புக் கையோடு துடைத்ததால் நிஜமாகவே அழுதார்.

வேறு காப்பி வாங்கிப் படிக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவர் ஒரு தடவை கடைக்கே போயிருக்கிறார். ஏழாம் பாகத்தைக் கையில் எடுத்து, கடைசிப் பக்கம் வரைக்கும் போய், அங்கேயே வைத்துவிட்டுத் தினசரிக் காலண்டர் ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டாராம்.

“ஏம்பா?”

“அதுல செத்திருந்தா பட்டுன்னு செத்திரும் கண்ணு. உங்கம்மா சொன்னா, செத்தாலும் மெதுவாச் சாகும்.”

அம்மாவிடமும் கேட்டேன். பயமா, அதனால்தான் அவிழ்க்கவில்லையா என்று. அம்மா மறைக்கவில்லை. “பயந்தான். நல்லா முடிச்சிருந்தா முடிஞ்சுபோச்சேன்னு இருக்கும். கெடுத்து வெச்சிருந்தா பன்னெண்டு வருஷம் போச்சேன்னு இருக்கும்.” அப்புறம், “ஆறு முடிவை உங்கப்பா எங்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டாரு. இது ஒண்ணு எங்கையில இருக்குது. எப்ப வேணுமோ அப்ப அவுத்துக்கறேன். இப்ப என்ன அவசரம், பேச்சு நல்லாத்தான போயிட்டு இருக்குது” என்றார்.

நன்றாகத்தான் போகிறது. எங்கள் வீட்டில் இதற்கு முன்னால் இருவரும் சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் பேசினால் அது கரண்டு பில் பற்றியதாக இருக்கும். இப்போது பாத்திரம் தீர்ந்தும் பேச்சு தீராமல், அப்பா கழுவின தட்டையே இன்னொரு தடவை கழுவுகிறார். மூன்றாம் பாகத்தில் போர் அடித்துப் படிப்பதையே விட்டவள் நான். போன வாரம் நானும் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு அங்கே போய் நின்றேன். சும்மாதான்.

இருபத்தாறு நாள் ஆகிறது. பிடரி இன்னும் சாகவில்லை. முப்பத்தொரு பக்கம் இருபத்தாறு நாளாக எப்படி ஓடுகிறது என்று அப்பாவுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. எழுத்து பொடி எழுத்து என்று அம்மா சொன்னதை நம்பிவிட்டார்.

ஆனால் வியாதி வியாதிதான். யாரிடமாவது சொல்ல வேண்டுமே. அம்மாவிடம் சொல்ல முடியாது, எனக்கோ ஏற்கெனவே தெரிந்த கதை. நேற்று ‘மின்மினிக் கோட்டை’ வாசகர்கள் போனில் வைத்திருக்கிற குழுவில் ஒரு பக்கத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார். ஏழு பாகத்திலும் கடைசி அத்தியாயம்தான் சிகரம். எண்ணூறு பேருக்குச் சாம்பார் காய்ச்சுகிற இடத்தில் ஆசிரியர் எங்கேயோ போய்விட்டார். மிளகாய் அரைக்கிற இடத்தில் அழாதவன் மனிதனே இல்லை என்று.

காலையில் பார்த்தால் அறுபது பதில். அப்பா ஒவ்வொன்றாகப் படித்தார். மிளகாயா, எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தார்கள். சார் எந்தப் புத்தகத்தைப் படித்தார் என்று கேட்டிருந்தார்கள். நான் காயில் சுற்றுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குச் சாயம் வெளுத்துவிடும் என்று நினைத்தேன்.

அப்பா போனை மேஜையில் வைத்தார். தலையை ஆட்டினார். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது.

“பாரு லாஸ்யா. இத்தன பேருல ஒருத்தன்கூடக் கடைசி அத்தியாயத்தைப் படிக்கல.”